பாதுகாப்புச் சரிபார்ப்புத் துறைக்கு டிஜிட்டல் வல்லுநர்கள்: எந்த வழியில் ஆள் சேர்ப்பது?

பிரிட்டன் அரசில் இரகசியத் தகவல்களைக் கையாளும் பணியில் ஒருவர் அமர வேண்டுமானால், முதலில் அவருடைய பின்னணியை ஆராய்ந்து பாதுகாப்பு அனுமதி வழங்கப்பட வேண்டும். உளவு அமைப்புகள் தம் ஆட்களைத் தாமே சரிபார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு வெளியே உள்ள துறைகளுக்கும், படைகளுக்கும், அரசு ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களுக்கும் இந்தப் பணியைச் செய்துகொடுப்பது யுனைடெட் கிங்டம் செக்யூரிட்டி வெட்டிங் என்ற அமைப்பு. பாதுகாப்பு அமைச்சின் கீழும் வெளியுறவுத் துறையைச் சார்ந்தும் தனித்தனியே இயங்கிவந்த இரண்டு சரிபார்ப்புப் பிரிவுகளை இணைத்து 2017 ஜனவரியில் இது உருவாக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அமைச்சரவை அலுவலகத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. யார்க், கிளாஸ்கோ ஆகிய இரு நகரங்களே அதன் முதன்மைப் பணியிடங்கள்.

2023 ஜனவரியில் வெளியான தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை, இந்த அமைப்பு குறித்த கால வரம்புக்குள் அனுமதிகளை முடிக்கத் தவறிவந்ததை விரிவாக எடுத்துரைத்தது. செக்யூரிட்டி செக் எனப்படும் இடைநிலை அனுமதிக்கு 25 நாள், டெவலப்டு வெட்டிங் எனப்படும் உச்சநிலை அனுமதிக்கு 95 நாள் என்பது அப்போதைய இலக்கு. பெருந்தொற்றுக்குப் பின் விண்ணப்பங்கள் பெருகியதும், அவற்றைக் கையாளும் அதிகாரிகள் போதாமல் இருந்ததும் தாமதத்துக்கு உடனடிக் காரணங்கள். ஆனால் அவற்றுக்கு அடியில், காலாவதியாகிவரும் மென்பொருளும் அதை மாற்றியமைக்கும் திட்டங்கள் கைகூடாமல் போனதும் இருந்தன. மென்பொருளைப் புதுப்பிக்க வல்லுநர்கள் வேண்டும். அந்த வல்லுநர்களைச் சேர்ப்பதுதான் இந்த அமைப்பால் எளிதில் செய்ய முடியாத காரியமாக இருக்கிறது. எந்த வழியில் அவர்களைச் சேர்ப்பது என்ற முடிவுக்குத் துணையாக, இருக்கும் வழிகளை ஒன்றுடன் ஒன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டுப்பாடு எங்கே இருக்கிறது

அரசு முழுவதற்குமான படம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் வெளிவந்த தணிக்கை அலுவலகத்தின் இன்னொரு அறிக்கையின்படி, பிரிட்டன் குடிமைப் பணியில் டிஜிட்டல், தரவு, தொழில்நுட்பத் துறையினர் ஏறத்தாழ 4.5 விழுக்காடு மட்டுமே. ஒப்பிடத்தக்க தனியார் துறையில் அது 8 முதல் 12 விழுக்காடு வரை இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த சைபர் பாதுகாப்பு பற்றிய அறிக்கை இன்னும் கூர்மையானது. 2023-24இல் அரசின் சைபர் பாதுகாப்புப் பதவிகளில் மூன்றில் ஒன்று காலியாகவோ தற்காலிகப் பணியாளரால் நிரப்பப்பட்டதாகவோ இருந்தது. பாதுகாப்புக் கட்டமைப்பை வடிவமைக்கும் சிறப்பு வல்லுநர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார்கள். சம்பளமும், குடிமைப் பணிக்கே உரிய ஆள்தேர்வு நடைமுறையும்தான் தடை என்று துறைகள் கூறின.

சரிபார்ப்பு அமைப்புக்கு இந்தப் பொதுச் சிக்கலின்மேல் இன்னும் சில சிக்கல்கள் ஏறுகின்றன. அவற்றுள் மிகக் கடுமையானது, பிறரைச் சரிபார்க்கும் அமைப்பில் சேருபவரும் அதே சரிபார்ப்பு வரிசையில் நின்றுதான் உள்ளே வர முடியும் என்பது. லீட்சில் ஒரு வங்கியில் பணியாற்றும் மூத்த டெவலப்பர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வேலை தேடத் தொடங்கியதும் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வருகிறது. தனியார் நிறுவனம் இரண்டு நேர்காணல்களை முடித்து, அவருடைய முன்னறிவிப்புக் காலம் முடியும் நாளிலேயே பணியில் சேரலாம் என்கிறது. அரசு அமைப்பு விண்ணப்பத்தில் அவருடைய நடத்தைத் திறன்களைச் சொல்லெல்லை குறித்த பத்திகளில் எழுதச் சொல்கிறது. சில வாரங்கள் கழித்து நேர்காணலுக்கு அழைக்கிறது. பின்பு நிபந்தனையுடன் கூடிய பணி ஆணையை அனுப்புகிறது. அந்த நிபந்தனை, பாதுகாப்பு அனுமதி கிடைக்க வேண்டும் என்பது. அனுமதி எந்தத் தேதியில் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல இயலாதபோது, அவர் தம் பழைய வேலையை விடுவதாக எழுதிக்கொடுக்க முடியாது. வீட்டுக்கடன் தவணை உள்ளவர் எவரும் அப்படிச் செய்யமாட்டார்.

உச்சநிலை அனுமதி வேண்டிய பதவியானால், அந்தக் காத்திருப்புடன் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டும் சுமையும் சேர்கிறது. பெற்றோர், துணைவர், ஒரே வீட்டில் வசிப்போர், கடன்கள், சேமிப்பு, வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டுத் தொடர்புகள், போதைப்பொருள் பயன்பாடு, மனநலம், அந்தரங்க உறவுகள் எனப் பல பகுதிகளைத் தொடும் வினாப்படிவத்தை நிரப்பிய பின், பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவருடன் மணிக்கணக்கில் நீளும் நேர்காணலுக்கும் உட்பட வேண்டும். நாட்டின் மறைபொருள்களை நம்பி ஒப்படைப்பதற்கு இந்த அளவு ஆய்வு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இணையப் படிவத்தின் முகப்பை எளிமையாக்க வருபவருக்கும் தரவுத்தளத்தின் முழு அதிகாரம் பெறப்போகிறவருக்கும் ஒரே அளவு தேவையா என்ற கேள்வி அங்கேயே எழுகிறது.

இதன் பிறகு சிறிய தடைகள். செய்த பணியைப் பொதுவில் காட்ட முடியாது என்பதால் அடுத்த வேலைக்குச் செல்லும்போது எடுத்துக்காட்டுகள் குறைவு. 2023 நவம்பரிலிருந்து குடிமைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் 60 விழுக்காட்டை அலுவலகத்தில் செலவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், யார்க்கிலோ கிளாஸ்கோவிலோ எட்டக்கூடிய தொலைவில் வசிப்பவர்களே விண்ணப்பிக்க முடியும். பழைய தொழில்நுட்பத்தைப் பராமரிக்க இளம் பொறியாளர்கள் விரும்புவதும் இல்லை.

எதைக் கொண்டு ஒப்பிடுவது

ஆள் சேர்க்கும் வழிகளைப் பெரும்பாலும் ஓர் ஆண்டுச் செலவைக் கொண்டே துறைகள் ஒப்பிடுகின்றன. இந்த அமைப்பின் இயல்புக்கு அது பொருந்தாது. ஒருவர் விண்ணப்பித்த நாளிலிருந்து பயனுள்ள வேலை செய்யும் நாள்வரை எவ்வளவு காலம், அவர் போகும்போது எவ்வளவு அறிவு அவருடன் போய்விடுகிறது, இலட்சக்கணக்கானோரின் மிக அந்தரங்கமான தகவல்கள் எத்தனை கைகளுக்கு எட்டுகின்றன ஆகிய மூன்றும் செலவுக்கு இணையான எடை பெற வேண்டும். மூன்றாவதைப் பற்றி அமெரிக்கா பட்டறிந்த பாடம் ஒன்று இருக்கிறது. அந்நாட்டின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் 2015இல் வெளிப்பட்ட ஊடுருவலில், பின்னணி விசாரணைப் பதிவுகளில் இடம்பெற்ற 2.15 கோடிப் பேரின் தகவல்கள் களவாடப்பட்டன. ஏறத்தாழ 56 இலட்சம் பேரின் விரல்ரேகைகளும் அவற்றில் அடங்கும். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் பயனர் அடையாளத்தைக் கைப்பற்றியே ஊடுருவியவர்கள் உள்ளே வந்தார்கள். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். ஒருவரின் கடன், உறவுகள், நோய், விரல்ரேகை ஆகியவை வெளியே போனால் திரும்பப் பெற வழியில்லை.

முதல் வழி: சம்பளத்தை உயர்த்துவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுவே. 2023இல் பிரிட்டன் நிதியமைச்சு தன் சைபர் பாதுகாப்புத் தலைவர் பதவிக்கு ஏறத்தாழ 50,000 முதல் 57,000 பவுண்டு வரை ஆண்டுச் சம்பளம் என்று விளம்பரம் செய்தபோது, அந்தத் துறையினர் வியப்படைந்தார்கள். தனியார் துறையில் அந்தப் பொறுப்புக்கு அதைப்போல் பல மடங்கு தருவார்கள். குடிமைப் பணியின் சம்பளம் பதவித் தரத்தோடு கட்டுண்டது என்பதால், ஒரு பொறியாளருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமானால் அவரை மேலாளர் ஆக்க வேண்டியிருக்கிறது. நல்ல பொறியாளரை இழந்து நடுத்தர மேலாளரைப் பெறுவதில் முடிகிறது அது.

இதைத் தவிர்க்கவே, டிஜிட்டல் துறையினருக்கெனத் திறன் மதிப்பீட்டின் அடிப்படையிலான தனிப்படி முறை கொண்டுவரப்பட்டது. பதவித் தரத்தை மாற்றாமல், மதிப்பிடப்பட்ட திறனுக்கு ஏற்ப ஒரு தொகை சம்பளத்துடன் சேரும். நடைமுறைப்படுத்த ஒவ்வொரு துறையும் தன் தேவையை நிறுவி ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், எல்லா இடங்களிலும் ஒரே வேகத்தில் இது வரவில்லை. இந்தப் படியுடன், வேலை வழங்குநர் சார்பில் சராசரியாகச் சம்பளத்தின் 28.97 விழுக்காடு செலுத்தப்படும் ஓய்வூதியத்தையும் கணக்கில் சேர்த்துச் சொன்னால், தனியார் துறையுடனான இடைவெளி விளம்பரத்தில் தெரிவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் முப்பது வயதில் வாடகை கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஓய்வூதியம் எவ்வளவு ஈர்ப்பாக இருக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

சம்பள உயர்வு மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுபவமே சான்று. சைபர் வல்லுநர்களுக்கு வழக்கமான அரசுச் சம்பள அட்டவணைக்கு வெளியே ஊதியம் வழங்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் 2014இல் அத்துறைக்கு அளித்தது. அதற்கான ஆள்தேர்வு முறை நடைமுறைக்கு வந்தது 2021 நவம்பரில். அதிகாரம் கிடைத்தும் அதைப் பயன்படுத்தத் தேவையான விதிகளையும் திறன் தேர்வுகளையும் வடிவமைக்க ஏழு ஆண்டுகள் ஆயின. மேலும், சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் காத்திருப்பு ஒரு நாள்கூடக் குறைவதில்லை. நிபந்தனை ஆணையுடன் மாதக்கணக்கில் காத்திருப்பவர், இடையில் வரும் வேறொரு வாய்ப்பை ஏற்றுக்கொள்ளவே செய்வார். ஆகவே தனிப்படி தேவையானதே. தலைமைப் பொறுப்புகளுக்கு அது இல்லாமல் எதுவும் நடக்காது. அதைத் தனித்த தீர்வாக எடுத்துக்கொள்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

இரண்டாவது வழி: ஒப்பந்தப் பணியாளர்களும் ஆலோசனை நிறுவனங்களும்

நெருக்கடி வரும்போது துறைகள் பெரும்பாலும் நாடும் வழி இது. ஏற்கெனவே அனுமதி பெற்றுள்ள வல்லுநர்கள் சந்தையில் இருக்கிறார்கள். அரசின் கொள்முதல் கட்டமைப்புகள் வழியாக ஒரு குழுவையே சில வாரங்களில் வரவழைக்கலாம். முதல் அளவுகோலான காலத்தில் இதற்கு இணை வேறில்லை. செலவில்தான் அடி விழுகிறது. 2025 ஜனவரியில் அரசே வெளியிட்ட டிஜிட்டல் நிலை ஆய்வு, ஒப்பந்தப் பணியாளருக்கு ஆகும் செலவு நிரந்தரப் பணியாளருக்கு ஆவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கூறியது.

ஆயினும் என் முதன்மையான கவலை செலவு அன்று. சரிபார்ப்பு மென்பொருளின் உள்ளே இருப்பது தொழில்நுட்பத்தைவிடச் சட்டமும் நடைமுறையும் தீர்ப்புத்திறனும் கலந்த ஓர் அமைப்பு. எந்தப் பதில் வந்தால் எந்தக் கூடுதல் விசாரணை திறக்கப்பட வேண்டும், ஓர் அனுமதி எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு மாற்றத்தக்கது, காலாவதியாகும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது எந்தப் பழைய பதிவு மீண்டும் பார்க்கப்பட வேண்டும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான விதிகளைப் புரிந்துகொள்ள ஒரு டெவலப்பருக்குப் பல மாதங்கள் ஆகும். ஒப்பந்தம் முடிந்து அவர் வெளியேறும்போது அந்தப் புரிதல் முழுவதும் அவருடன் போய்விடுகிறது. அடுத்து வருபவர் தொடக்கத்திலிருந்து கற்கிறார். இந்தச் சுழற்சிக்கு அரசு மீண்டும் மீண்டும் பணம் கட்டுகிறது. ஆவணங்கள் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்ப்பதால் மட்டும் இது தீராது. அந்த ஆவணத்தைப் படித்துப் புரிந்து, கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு நிரந்தர ஆள் இருந்தாக வேண்டும்.

பாதுகாப்பின் கோணமும் இருக்கிறது. 2013இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் பணியாளராகவே அங்கே இருந்தார். அவருடைய செயலை எப்படி மதிப்பிட்டாலும், ஒப்பந்த அடுக்குகள் கூடும்போது யாருக்கு எதைப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்பதைக் கண்காணிப்பது கடினமாகிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது. ஒப்பந்தக்காரர்கள் நம்பத்தகாதவர்கள் என்பது என் வாதம் அன்று. அவர்களும் அதே அனுமதியைப் பெற்றவர்களே. இரண்டு, மூன்று நிறுவனங்களைக் கடந்து செல்லும் பொறுப்புச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தது என்பது காலம் கடந்தே தெரியவருகிறது என்பதே வாதம்.

மூன்றாவது வழி: உள்ளேயே வளர்ப்பது

நிரந்தரமாகத் தங்கும் வல்லுநர்கள் வேண்டுமானால் அவர்களை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற கருத்து பிரிட்டன் அரசுக்குப் புதிதன்று. தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துடன் இணைந்த சைபர்ஃபர்ஸ்ட் திட்டம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு உதவித்தொகையும் கோடைக்காலப் பயிற்சியும் வழங்கியது. 2025இல் அறிவிக்கப்பட்ட டெக்டிராக் திட்டம், 2030க்குள் 2,000 தொழில்நுட்பப் பயிற்சியாளர்களை (வேலை செய்துகொண்டே தொழில் கற்பவர்களை) அரசுத் துறைகளில் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது; குடிமைப் பணியாளர்களில் பத்தில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் டிஜிட்டல் பணியில் இருக்க வேண்டும் என்ற இலக்கும் அதே காலத்தில் வைக்கப்பட்டது.

இளையவர்களைச் சேர்ப்பதில் சரிபார்ப்பு அமைப்புக்கு ஒரு தனி ஆதாயம் உண்டு. பத்தொன்பது வயதில் சேருபவருக்கு ஆராய வேண்டிய வாழ்க்கை வரலாறு குறைவு. பழைய வேலையை விட்டுவிட்டு வர வேண்டிய இக்கட்டும் பெரும்பாலும் இல்லை. யார்க்கிலும் கிளாஸ்கோவிலும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருப்பதால், அந்த நகரங்களிலேயே வாழ விரும்புபவர்களைத் தேர்ந்தெடுக்க முடியும். இலண்டனிலிருந்து மூத்த பொறியாளரை வரவழைப்பதைவிட இது எளிது.

ஆனால் இந்த வழியின் மிக நல்ல பகுதி கல்லூரியில் இல்லை, அமைப்புக்குள்ளேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுக்கணக்கில் விண்ணப்பங்களைப் படித்து, நேர்காணல்கள் நடத்தி, எந்தத் திரை எங்கே சிக்கும், எந்தக் கேள்வியை விண்ணப்பதாரர்கள் தவறாகப் புரிந்துகொண்டு பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதையெல்லாம் நேரில் அறிந்த சரிபார்ப்பு அதிகாரிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமதி ஏற்கெனவே உண்டு. நடைமுறை அறிவு உண்டு. அமைப்பின்மேல் பற்றும் உண்டு. அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குச் சேவைத் தேவைகளை வரையறுப்பது, பயனர் ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள் சோதனை ஆகியவற்றில் பயிற்சி அளித்தால், வெளியிலிருந்து வரும் எவரையும்விட விரைவில் பயன் தருவார்கள். எல்லோரும் நிரலெழுத வேண்டியதில்லை. ஒரு டிஜிட்டல் குழுவில் நிரலெழுதுபவர்கள் பாதிப் பேர் இருந்தாலே அதிகம்.

குறையும் வெளிப்படையானது. ஒரு பயிற்சியாளர் முழுத் தகுதி பெற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். அவருக்குக் கற்றுக்கொடுக்க மூத்தவர் வேண்டும். மூத்தவரே இல்லாத இடத்தில் பத்துப் பயிற்சியாளர்களைச் சேர்ப்பது, அவர்களுக்கும் அமைப்புக்கும் செய்யும் தீங்கு. மேலும், சரிபார்ப்பு அதிகாரிகளை டிஜிட்டல் பணிக்கு இழுத்தால் அவர்கள் விட்டுச்செல்லும் நாற்காலிகளை யார் நிரப்புவது என்ற கேள்வி, தேக்கத்தை ஏற்கெனவே ஒருமுறை பட்டுணர்ந்த அமைப்பில் அற்பமானதன்று. பயிற்சி பெற்ற பின் தனியார் துறைக்குப் போய்விடுவார்களே என்ற அச்சத்தை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகும் ஒருவர்கூட ஆறு மாத ஒப்பந்தக்காரர் எட்டு பேரைவிட மேலானவர்.

நான்காவது வழி: இரவல் ஆட்கள்

பிற துறைகளிலிருந்தோ தனியார் நிறுவனங்களிலிருந்தோ குறிப்பிட்ட காலத்துக்கு வல்லுநர்களை அழைத்துக்கொள்வது மற்றொரு முறை. தேசிய சைபர் பாதுகாப்பு மையத்தின் இண்டஸ்ட்ரி 100 திட்டத்தில் தனியார் நிறுவனப் பணியாளர்கள் தம் வேலையை விடாமலேயே பகுதி நேரமாக அரசுடன் பணியாற்றுகிறார்கள். கட்டமைப்பு வடிவத்தை ஒருமுறை ஆராய்ந்து கருத்துச் சொல்லவும், பாதுகாப்புச் சோதனை நடத்தவும் இது நல்ல வழி. அன்றாடம் இயங்கும் சேவையைப் பொறுப்பேற்று நடத்த இது உதவாது. பொறுப்பேற்பவர் நள்ளிரவில் சேவை விழுந்தால் எழுந்து வருபவராக இருக்க வேண்டும்.

ஐந்தாவது வழி: பதவிகளின் அனுமதித் தேவையைப் பிரிப்பது

மேலே சொன்ன நான்கும் ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைப் பற்றியவை. இது, வருபவர் எதைத் தொடுவார் என்பதைப் பற்றியது. என் பார்வையில் முதலில் செய்ய வேண்டியது இதுவே. ஏனெனில், இது நடந்தால்தான் மற்ற வழிகள் ஒவ்வொன்றும் தம் முழுப் பயனைத் தரும்.

ஒரு சரிபார்ப்புச் சேவையை அடுக்குகளாகப் பார்க்கலாம். விண்ணப்பதாரர் நிரப்பும் படிவத்தின் வடிவம், சொற்கள், உதவிக்குறிப்புகள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் ஆகியவற்றை உருவாக்குபவருக்கு எந்த ஓர் உண்மையான விண்ணப்பமும் கண்ணில் படத் தேவையில்லை. கற்பனைப் பெயர்களும் கற்பனைக் கடன்களும் கொண்ட செயற்கைத் தரவை வைத்து அவர் முழு வேலையையும் செய்யலாம். அதிகாரிகள் பயன்படுத்தும் வழக்கு மேலாண்மைத் திரைகளை உருவாக்குபவருக்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் விசாரணை விதிகளின் உள்ளடக்கம் அவருக்குத் தெரிந்துவிடுவதால் இடைநிலை அனுமதி வேண்டும். இயங்கும் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர், அணுகல் உரிமைகளை வழங்குபவர், பதிவேடுகளைக் கண்காணிப்பவர் ஆகிய சிலருக்கே உச்சநிலை அனுமதி உண்மையிலேயே தேவை. இந்தப் பிரிப்பைச் செய்யாதபோது, பாதுகாப்புக்காக என்று எல்லாப் பதவிகளுக்கும் மேல்நிலை அனுமதியை விளம்பரத்தில் எழுதிவிடுவது எளிதாகிவிடுகிறது. அந்த ஒரு வரியே விண்ணப்பிக்கக்கூடியவர்களில் பெரும்பகுதியை விலக்கிவிடுகிறது.

இங்கே தமிழ் வாசகர்களில் பலருக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. பிரிட்டன் குடிமைப் பணியின் குடியுரிமை விதிகளின்படி, பிரித்தானியக் குடிமக்களுக்கென ஒதுக்கப்படாத பதவிகளுக்குக் காமன்வெல்த் நாட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே வேலை செய்யும் உரிமை உள்ள இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களும் அதில் அடங்குவர். தடையாக வருவது பெரும்பாலும் வசிப்புக் காலம்தான். அடிப்படையான பயங்கரவாத எதிர்ப்புச் சரிபார்ப்புக்கு 3 ஆண்டுகள், இடைநிலைக்கு 5 ஆண்டுகள், உச்சநிலைக்கு 10 ஆண்டுகள் பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இவை சூழ்நிலைக்கேற்பத் தளர்த்தக்கூடியவையே. நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்த திறமையான பயனர் ஆய்வாளர் ஒருவர், ஒரு பதவிக்கு உச்சநிலை அனுமதி கேட்கப்பட்டால் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்கமாட்டார். அடிப்படைச் சரிபார்ப்பு போதும் என்றால் போட்டியில் இருப்பார். பிரிட்டனின் தகவல் தொழில்நுட்பத் துறையில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பங்கைக் கருதினால், தேவையில்லாமல் உயர்த்தி எழுதப்படும் ஓர் அனுமதி வரி எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது என்பது புரியும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. செயற்கைத் தரவை உருவாக்கி, உண்மைத் தரவின் சிக்கல்களை அது ஒத்திருக்கும்படி பேண வேண்டும். உருவாக்கும் சூழலையும் இயங்கும் சூழலையும் முழுமையாகப் பிரிக்க வேண்டும். பழைய மென்பொருளில் இந்தப் பிரிப்பு கடினமாக இருக்கலாம். எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக்கிடப்பதுதான் பழைய அமைப்புகளின் இயல்பு. இயங்கும் சூழலில் ஏற்படும் பழுதைக் கீழ்நிலை அனுமதி பெற்றவர் நேரில் பார்க்க முடியாமல், மேல்நிலையில் உள்ளவர் விளக்கிச் சொல்லி ஆராய வேண்டியிருக்கும். அதனால் வேகம் சற்றுக் குறையும். பலருடைய சிறு சிறு அணுகல்கள் ஒன்றுசேர்ந்து பெரிய இடராக மாறாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: அணுகலைக் குறைத்துக் கட்டமைப்பது ஆள்சேர்ப்புக்கு மட்டும் உதவுவதன்று, தரவின் பாதுகாப்புக்கே அது நேரடியாக உதவுகிறது. மற்ற வழிகளில் வேகமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று விலையாகக் கேட்கின்றன. இந்த ஒன்றில் மட்டுமே இரண்டும் ஒரே திசையில் செல்கின்றன.

எந்த வரிசையில் செய்வது

முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். அடுத்த விளம்பரம் வெளியாகும் முன், ஒவ்வொரு டிஜிட்டல் பதவியும் எந்தத் தரவைத் தொடும் என்பதை எழுத்தில் வரையறுத்து, அதற்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதியை மட்டும் குறிப்பிட வேண்டும். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். பாதுகாப்புப் பொறுப்பாளரும் தொழில்நுட்பப் பொறுப்பாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். கீழ்நிலை அனுமதியுடன் பணியில் சேர்ந்து, செயற்கைத் தரவில் வேலையைத் தொடங்கி, மேல்நிலை அனுமதி வந்தபின் பொறுப்பு விரிவடையும் ஏற்பாட்டைப் பணி ஆணையிலேயே எழுதிக் கொடுக்கலாம். அனுமதி மறுக்கப்பட்டால் அதே தரத்தில் வேறு பணியில் தொடரலாம் என்ற உறுதியும் அதில் இருந்தால், லீட்சு வங்கியில் இருப்பவர் துணிந்து கையெழுத்திடுவார்.

அதனுடன் சேர்த்து, கட்டமைப்பு வடிவமைப்பு, பாதுகாப்பு, தரவுத்தளம், சேவைப் பொறுப்பு ஆகிய நான்கைந்து தலைமைப் பதவிகளுக்கு மட்டும் திறன் அடிப்படையிலான தனிப்படியை முழு அளவில் பெற வேண்டும். எல்லாப் பதவிகளுக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து கொடுத்தால் யாரையும் ஈர்க்காது. இந்தத் தலைமை அமைந்த பிறகே பயிற்சியாளர்களையும், மடைமாறும் சரிபார்ப்பு அதிகாரிகளையும் சேர்க்க வேண்டும். ஒரு மூத்தவருக்கு இரண்டு அல்லது மூன்று இளையவர்கள் என்ற அளவைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தக் குழுக்களை முற்றிலும் விலக்க முடியாது. பழைய அமைப்பிலிருந்து பதிவுகளைப் புதியதற்கு மாற்றுவதுபோல் தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள வேலைகளை அவர்களிடம் கொடுக்கலாம். ஒவ்வொரு ஒப்பந்தக்காரருக்கும் இணையாக அமர்ந்து கற்கும் நிரந்தரப் பணியாளர் ஒருவரின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

தனிப்படிக்கான ஒப்புதல் கிடைக்காமல் போனால் இந்த வரிசை மாறும். அப்போது தலைமைப் பதவிகளுக்கு மட்டும், பொதுப் போட்டி விதியிலிருந்து விலக்காக அனுமதிக்கப்படும் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத தற்காலிக நியமனத்தைப் பயன்படுத்தலாம். தற்காலிகத் தலைமையின் முதல் கடமை தன் இடத்துக்கு வரப்போகிறவரை உள்ளிருந்தே உருவாக்குவது என்று நியமன ஆணையில் எழுதிவிட வேண்டும். பயிற்சிச் சேர்க்கையை அந்த இரண்டு ஆண்டுகளில் பாதியாகக் குறைத்துக்கொள்வதும், விடுவிக்கப்படும் சரிபார்ப்பு அதிகாரிகளின் எண்ணிக்கையை நிலுவை விண்ணப்பங்களின் அளவோடு காலாண்டுதோறும் ஒப்பிட்டு முடிவு செய்வதும் அதனுடன் சேர வேண்டிய நிபந்தனைகள்.